காலை ஆட்டுங்கோ, மூச்சை இழுங்கோ: நிணநீரைப் பற்றிக் கொஞ்சம்

காலில பனை மட்டைக் கருக்கு வெட்டினாலோ முள்ளு ஏறிப் பழுத்தாலோ ரெண்டொரு நாளில கவட்டுக்குள்ள ஒரு உருண்டை மாதிரி எழும்பி நோகும், நடக்கேலாது. எங்கட பக்கத்தில நெறி கட்டியிருக்கு எண்டு சொல்லுவினம். அம்மம்மா கவட்டைத் தொட்டுப் பாத்திட்டு உடன காலைத்தான் தூக்கிப் பாப்பா, எங்க காயம் கிடக்கு எண்டு. கையில புண் எண்டால் கமக்கட்டுக்குள்ள கட்டும், தலையில பேன் கடிச்சுப் புண்ணானா பின் கழுத்தில கட்டும், இதெல்லாம் அந்தக் காலத்து ஆக்களுக்கு அத்துப்படி. அவையள் தொட்டுப் பாத்தது நிணநீர் முடிச்சுகளை. எங்கட உடம்பில ஒரு 500, 600 அளவில இந்த முடிச்சுகள் இருக்கு, பயத்தங்காய் விதை அளவிலயும் இருக்கு அதை விடச் சின்னனாவும் இருக்கு, கழுத்து, கமக்கட்டு, கவட்டு, வயித்துக்குள்ள எண்டு கூட்டம் கூட்டமா.

இதைப் பற்றி இப்ப ஏன் எழுதுறன் எண்டால், கொஞ்ச நாளா வாட்ஸ்அப்பில லிம்ப் டீடொக்ஸ், அதாவது நிணநீரைச் சுத்தமாக்கிறது எண்டு வீடியோ வீடியோவா வருது, பிரஷ்ஷால தேய்க்கச் சொல்லுறாங்கள், கல்லால உரசச் சொல்லுறாங்கள், ஏதோ ஒரு பவுடரைக் கரைச்சுக் குடிக்கச் சொல்லுறாங்கள், எங்கட வீட்டுக் குறூப்பிலயே ஒருநாள் ரெண்டு வந்திட்டுது. அதே குடும்பத்தில உண்மையிலயே நிணநீர்ப் பிரச்சினையால கை வீங்கி அவதிப்படுற ஆள் ஒருத்தர் இருக்கிறா, அவாவுக்குத் தேவையான விசயம் ஒண்டும் அந்த வீடியோக்களில இல்லை. அதான் மனசில கிடந்ததை எல்லாம் ஒருக்கா எழுதுவம் எண்டு இருந்திட்டன்.

முதல் இது என்ன எண்டு பாப்பம். இரத்தம் மெல்லிய குழாய்களுக்குள்ளால போகேக்க அதில இருந்து கொஞ்சம் தண்ணி வெளிய கசிஞ்சு தசை, தோல் எல்லாத்துக்கும் சாப்பாடு குடுக்கும். கசிஞ்சது முழுக்கத் திரும்ப இரத்தத்துக்குள்ள போகாது, மிச்சம் நிக்கும், அதோட கொஞ்சப் புரதம், செத்த கலத்தின்ர துண்டுகள், கிருமி ஏதும் வந்திருந்தால் அதுவும் நிக்கும். இதை எல்லாம் சேர்த்து எடுத்து, முடிச்சுகளில வடிச்சு, கடைசியில கழுத்தடியில பெரிய நாளத்துக்குள்ள விடுறதுதான் நிணநீர்க் குழாய்களின்ர வேலை. ஒரு நாளைக்கு ஒரு 3, 4 லீற்றர் இப்பிடித் திரும்பப் போகுது எண்டால் நினைச்சுப் பாருங்கோ, அந்த வழி அடைபட்டால் என்ன நடக்கும் எண்டு. ரெண்டு கால், வயிறு, இடப்பக்கக் கை, இடப்பக்கத் தலை எல்லாம் சேர்ந்து இடது கழுத்தடியில விழும், வலக் கையும் தலை நெஞ்சின்ர வலப் பக்கமும் மட்டும் வலது பக்கத்தில தனிய விழும். உடம்பு ரெண்டு சமபாதியாப் பிரிஞ்சிருக்கும் எண்டுதான் நாங்கள் நினைப்பம், இதில அப்பிடி இல்லை.

சாப்பாட்டில இருக்கிற கொழுப்பும் இந்த வழியாலதான் போறது. 1622ல இத்தாலியில காஸ்பரே அசெல்லி எண்ட வைத்தியர், நல்லாச் சாப்பிட்ட ஒரு நாயின்ர வயித்தைத் திறந்து பாக்கேக்க குடலைச் சுத்தி வெள்ளை நூல் நூலா ஓடுறதைக் கண்டு, நரம்பாக்கும் எண்டு நினைச்சு ஒண்டை வெட்டிப் பாத்தாராம், பால் மாதிரி வடிஞ்சிருக்கு. அது குடலில இருந்து கொழுப்பைக் கொண்டு போற நிணநீர். ஆட்டிறைச்சிக் கறியும் புட்டுமாச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில எங்கட வயித்துக்குள்ளயும் அந்த நூலெல்லாம் வெள்ளையாத்தான் இருக்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வாறன். தோட்டத்துக்கு மெசின் பூட்டித் தண்ணி இறைக்கிற மாதிரி இரத்தத்துக்கு இதயம் இருக்கு, நிணநீருக்கு அப்பிடி ஒரு மெசின் இல்லை. அந்தக் குழாய்கள் தாங்களாச் சுருங்கி விரிஞ்சு கொஞ்சம் தள்ளும், உள்ளுக்குள்ள ஒருவழிக் கதவுகள் இருக்கிறதால திரும்பிக் கீழ வராது, ஆனா நல்லா ஓடோணும் எண்டால் பக்கத்தில இருக்கிற தசை அசையோணும், மூச்சு ஆழமாப் போய் வரோணும். அவ்வளவுதான். நடக்கேக்க கெண்டைக்கால் தசை இறுகி இறுகி விடேக்க ஒவ்வொரு முறையும் ஒரு தள்ளு. ஒரே இடத்தில நிண்டால் அல்லது இருந்தால் தள்ளுறதுக்கு ஆள் இல்லை.

இதை விளங்கிறதுக்குப் படிக்கத் தேவையில்லை, யாழ்ப்பாணத்தில இருந்து ராத்திரி பஸ்ஸில கொழும்புக்குப் போய் விடியக் காலமை வெள்ளவத்தையில இறங்கிப் பாத்தால் சரி. ஏறேக்க லேசாப் போட்ட செருப்பு இறங்கேக்க ஏறாது, சொக்ஸ் போட்டிருந்தால் அதின்ர விளிம்பு காலைச் சுத்தி வரி வரியாப் பதிஞ்சு கிடக்கும். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் தூரம் காலைத் தொங்கப் போட்டுக் கொண்டு இருந்தால் வேற என்ன நடக்கும். நித்திரை கொள்ள முதல் கொஞ்ச நேரம், பேந்து முழிப்பு வாற நேரமெல்லாம், குதிக்காலை நிலத்தில வைச்சுக் கொண்டு முன்பாதத்தைத் தூக்கி இறக்குங்கோ, பேந்து முன்பாதத்தை ஊண்டிக் கொண்டு குதிக்காலைத் தூக்கி இறக்குங்கோ, ஒரு இருபது தரம் போதும். தேத்தண்ணிக்கு நிப்பாட்டேக்க சோம்பல் படாமல் இறங்கி நடவுங்கோ. பக்கத்தில இருக்கிற ஆள் பாக்கிறார் எண்டு வெக்கப்படத் தேவையில்லை, அவருக்கும் கால் வீங்கித்தான் கிடக்கும்.

எங்கட வீட்டில ஒரு பழைய கால் மெசின் இருந்தது, கீழ இரும்புப் பலகை, அதில ரெண்டு பாதத்தையும் வைச்சுக் குதியும் விரலுமா மாத்தி மாத்தி அமத்தினால்தான் சில்லுச் சுத்தும். பெரியம்மா அதில இருந்து நாள் முழுக்கச் சட்டை தைப்பா. வெறும் காலோட அவா மிதிக்கேக்க கெண்டைக்கால் இறுகுறதும் தளருறதும் பக்கத்தில இருந்து பாத்தால் வடிவாத் தெரியும், இப்ப பிசியோ (உடற்பயிற்சி வைத்தியம்) செய்ய வாற ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கிற அதே அசைவு. பிறகு மோட்டார் பூட்டின மெசின் வந்து விரல் நுனியால தொட்டாக் காணும் எண்டு ஆச்சு, வேலை கெதியா முடியுது, அதில பிழை ஒண்டும் இல்லை, ஆனா காலுக்கு இருந்த வேலை போட்டுது. இண்டைக்கு மோட்டார் மெசினில தைக்கிற பிள்ளையளுக்கும் வங்கியில, கச்சேரியில கதிரையில இருக்கிற ஆக்களுக்கும் நான் சொல்லுறது ஒண்டுதான், அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பிப் போய் ஒரு கோப்பை தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. கடையில நாள் முழுக்க நிண்டு விக்கிற பிள்ளையளுக்கு இது இன்னும் கஷ்டம், நிண்ட இடத்திலயே குதியைத் தூக்கித் தூக்கி இறக்கலாம், அது ஒருத்தருக்கும் தெரியாது.

மூச்சைப் பற்றிச் சொல்லோணும். கால், வயிறு எல்லாத்தில இருந்தும் வாற பெரிய நிணநீர்க் குழாய் நெஞ்சுக்குள்ளால, முள்ளந்தண்டுக்கு முன்னால, மேல ஏறிப் போகுது. வயிறு வெளிய வாற மாதிரி ஆழமா மூச்சு இழுக்கேக்க நெஞ்சுக்குள்ள அமுக்கம் குறையும், வயித்துக்குள்ள கூடும், அதால நிணநீர் மேல இழுபடும். பின்னேரம் கிணத்தடியில குளிச்சிட்டு வந்து வாங்கில இருந்து ஒரு அஞ்சு நிமிசம் வயித்தால மூச்சு விடுறதுக்குக் காசு தேவையில்லை. தேவாரம் பண்ணோட இழுத்துப் படிக்கிற ஆக்களும் தேவாலயத்தில பாட்டுக் குழுவில நிக்கிற ஆக்களும் இதைத் தெரியாமலே செய்து கொண்டிருக்கினம் எண்டு நான் நினைக்கிறன்.

பேந்து தோல். கனபேர் இதை யோசிக்கிறேல்ல, ஆனா நிணநீரைப் பாதுகாக்கிறதில இதுக்குப் பெரிய பங்கு. மாரிக்கு ஒழுங்கை எல்லாம் வெள்ளம் நிக்கேக்க அதுக்குள்ளால நடந்து திரிஞ்சு விரலிடுக்கில சேத்துப்புண் வரும், கடிக்கும், தோல் வெள்ளையா ஊறி வெடிக்கும். அந்த வெடிப்புக்குள்ளால கிருமி போய்க் கால் சிவந்து, கொதிச்சு, நடுக்கத்தோட காய்ச்சல் அடிக்கும். அப்பிடி ஒவ்வொரு முறை வாறதும் நிணநீர்க் குழாயைக் கொஞ்சம் பழுதாக்கிப் போட்டுத்தான் போகும், பழுதான காலில திரும்பவும் கெதியா வரும், இது ஒரு சுழல். அதால ராவில படுக்க முதல் சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொண்டையும் துவாயால ஒத்தித் துடைச்சு, சேத்துப்புண் இருந்தால் பங்கசுக்கு உரிய கிறீமை டொக்டரிட்டக் கேட்டுப் பூசி, குதியில வெடிப்பு இருந்தால் தேங்காயெண்ணெயோ கிறீமோ தடவுங்கோ, விரலிடுக்கில மட்டும் எண்ணெய் வேண்டாம், அந்த இடம் காஞ்சு கிடக்கோணும். தோட்டத்துக்குப் போற ஆக்கள் வெறுங்காலோட போறதைக் குறைச்சால் நல்லம். சீனி வருத்தம் உள்ள ஆக்கள் இதைக் கட்டாயம் செய்யோணும், அவைக்குக் காயம் பட்டதே தெரியாமல் இருக்கும்.

இனி எங்கட சின்னம்மாவின்ர கதை. அவாவுக்கு மார்பில புற்றுநோய் எண்டு கண்டுபிடிச்சு வேற ஊரில ஒப்பரேசன் செய்து, கமக்கட்டுக்குள்ள இருந்த நெறியளையும் எடுத்து, ரேடியேசனும் குடுத்து, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது எண்டு கோயிலில பொங்கிப் படைச்சம். ஒரு வருசத்துக்குக் கிட்டப் போக அந்தப் பக்கக் கை பாரமாக் கிடக்கு எண்டா, காப்பு இறுக்குது எண்டா, பிறகு மோதிரம் கழட்டேலாமல் போச்சுது. "பிள்ளை, கையில வாதம் இறங்கீட்டுது போல, எண்ணெய் போட்டு உருவி விடு" எண்டு கையை நீட்டினா. புறங்கையை விரலால அமத்தினால் குழி விழுந்து கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டுது, மொளியள் நாலும் தெரியேல்ல, மற்றக் கையோட வைச்சுப் பாத்தால் ரெண்டு வேற ஆளின்ர கை மாதிரி. வீட்டுக்கு விடேக்க காயத்துக்கு மருந்து கட்டுறதைப் பற்றிச் சொல்லியிருக்கினம், குளிசையைப் பற்றிச் சொல்லியிருக்கினம், கை வீங்கலாம் எண்டு ஒருத்தரும் ஒரு சொல்லும் சொல்லேல்ல. எனக்கு அதுதான் இண்டைக்கும் ஆத்திரம்.

கமக்கட்டு நெறியளை முழுக்க எடுத்த ஆக்களில அஞ்சில ஒராளுக்குக் கிட்ட இப்பிடிக் கை வீங்குது. முதல் நெறி ஒண்டு ரெண்டை மட்டும் எடுத்துச் சோதிச்சு நிப்பாட்டினால் இது கனக்கக் குறைவு, நூறில அஞ்சாறு பேருக்குத்தான். பெரும்பாலும் முதல் ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள வரும், பிந்தியும் வரலாம். வாதம் இல்லை, ஆரும் செய்வினை வைச்சதும் இல்லை, தண்ணி போற வழியில இருந்த முடிச்சை எடுத்தாச்சு, அதால தேங்குது. இதை முதலே சொல்லியிருந்தால் அவா காப்பு இறுக்கின அண்டைக்கே வந்து சொல்லியிருப்பா, வீக்கம் மெத்தெண்டு இருக்கேக்கயே பிடிச்சால் லேசாக் குறைக்கலாம், விட்டு வைச்சால் உள்ளுக்குள்ள நாரும் கொழுப்பும் படிஞ்சு கல்லு மாதிரி ஆயிடும். மூத்திரம் போற குளிசை குடுத்தால் வத்தும் எண்டு சில பேர் வாங்கிப் போடுகினம், இந்த வீக்கத்துக்கு அது சரிவராது, தண்ணிதான் போகும், புரதம் அங்கயே நிக்கும்.

முந்தி இப்பிடி ஆக்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது, அந்தக் கையால ஒண்டும் செய்யக் கூடாது எண்டுதான் சொல்லுவினம், சின்னம்மாவும் பயத்தில கையை மடியில வைச்சுக் கொண்டே இருந்தா. 2009ல அமெரிக்காவில கை வீங்கின 141 பொம்பிளையளை வைச்சு ஒரு ஆய்வு செய்தவை, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிப் பாரம் தூக்கின ஆக்களுக்கு வீக்கம் கூடேல்ல, பலம் கூடியிருக்கு, வருத்தம் சிக்கலாகிறதும் குறைஞ்சிருக்கு. அதுக்குப் பிறகு கதை மாறீட்டுது. எடுத்த எடுப்பில நிறைஞ்ச வாளியைக் கிணத்தில இருந்து இழுக்கிறேல்ல, அரை லீற்றர் தண்ணிப் போத்திலில தொடங்கி, வீக்கத்துக்கு எண்டு மணிக்கட்டில இருந்து மேல்கை வரைக்கும் இறுக்கமாப் போடுற கை உறையைப் போட்டுக் கொண்டு, நோகேல்ல வீங்கேல்ல எண்டால் கொஞ்சம் கூட்டலாம், பிசியோ ஒராளின்ர மேற்பார்வையில. சின்னம்மா இப்ப தேங்காய் துருவுறா. அவாவுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு குசினியைத் தன்ர ராச்சியமா வைச்சிருந்த ஆக்களுக்குத் தெரியும்.

அந்தக் கையைக் காயப்படுத்தாமல் பாக்கிறதில நாங்கள் எல்லாரும் கவனம். மீன் வெட்டேக்க கையுறை, ரோசாவுக்குக் கொத்தேக்க கையுறை, நகத்தை அடியோட வெட்டுறேல்ல, நுளம்பு கடிச்சால் சொறியிறேல்ல, எரிகாயம் பட்டால் உடன கழுவி மருந்து. அந்தக் கையில பிரசர் பாக்கவே கூடாது, ஊசி போடவே கூடாது எண்டு முந்தி இருந்த கண்டிப்பு இப்ப தளர்ந்து வருது, அதுக்கு ஆதாரம் பெலமில்லை. இருந்தாலும் மற்றக் கையைக் குடுக்கேலும் எண்டால் அதைக் குடுக்கிறதில பிழையில்லை.

உருவி விடுறதைப் பற்றி. நிணநீருக்கு எண்டு ஒரு மசாஜ் முறை இருக்கு, டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வொட்டர் எண்டவர் 1930களில உருவாக்கினது. அது எங்கட ஊர் உருவல் மாதிரி இல்லை. நிணநீர்க் குழாய்கள் தோலுக்கு உடன கீழ கிடக்கு, அதால தோலை மெல்ல இழுத்து விடுற அளவு அமத்தல்தான், எண்ணெயும் போடுறேல்ல, முதல் கழுத்தடியையும் நல்ல பக்கத்தையும் செய்து வழி விட்டிட்டுத்தான் வீங்கின பக்கத்துக்கு வாறது. பலமா அமத்தி உருவினால் இன்னும் வீங்கும். பழகின ஆளிட்டப் பழகோணும். கை சிவந்து கொதிக்கேக்க, இரத்தக் கட்டி இருக்கேக்க, இதயம் பலவீனமா இருக்கேக்க தொடவே கூடாது. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு சுகமான விசயம்தான், நல்ல உடம்புக்கு ஒரு கெடுதியும் இல்லை, ஆனா வீங்கின கைக்கும் காலுக்கும் அது வைத்தியம் இல்லை.

அந்த பிரஷ்ஷும் கல்லும் பவுடரும், நல்ல உடம்பில இருக்கிற ஆளின்ர நிணநீரைச் சுத்தமாக்கும் எண்டதுக்கு ஆதாரம் இல்லை. நிணநீரைச் சுத்தமாக்க வெளியால ஆள் தேவையில்லை, முடிச்சுகள் ராப்பகலா அதைத்தான் செய்யுது. பிரஷ்ஷால தேய்ச்சுத் தோல் உரிஞ்சால் சின்னம்மா மாதிரி ஆக்களுக்கு அது கிருமி போற வாசல், அதுதான் எனக்குப் பயம். சாப்பாட்டிலயும் அதிசயம் ஒண்டும் இல்லை. உடம்பு எடை கூடக் கூட நிணநீருக்குச் சுமை கூடும், அது நிச்சயம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எண்டு உப்பை அள்ளிப் போட்டால் உடம்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். வீக்கம் எண்டு தண்ணி குடிக்கிறதைக் குறைக்கத் தேவையில்லை, டொக்டர் குறைக்கச் சொன்ன இதய, சிறுநீரக நோயாளியள் மட்டும் அவர் சொன்ன கணக்கு.

கால் வீங்கினால் உடன யானைக்காலோ எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம். அது நுளம்பால பரவுற புழு நிணநீர்க் குழாய்க்குள்ள போய் இருந்து அடைக்கிறதால வாறது. இலங்கையில மேல், தென், வடமேல் மாகாணங்களிலதான் அது இருந்தது, 2016ல உலக சுகாதார நிறுவனம் இலங்கையில அது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை எண்டு உறுதிப்படுத்தினது. வீங்கின ஆளைத் தொட்டால் ஒண்டும் தொத்தாது, கலியாண வீட்டில அவைக்குத் தள்ளிக் கதிரை போடுறதை நிப்பாட்டுங்கோ.

எந்த வீக்கத்தைப் பாத்துக் கொண்டிருக்கக் கூடாது எண்டதையும் சொல்லோணும். ஒரு கால் மட்டும் திடீரெண்டு வீங்கிக் கெண்டைக்கால் நோகுது எண்டால் இரத்தக் கட்டியா இருக்கலாம், அண்டைக்கே ஆஸ்பத்திரி, மூச்சு முட்டினால் அந்த நிமிசமே. ரெண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், ஈரல் பாக்கோணும், பிரசருக்குப் போடுற அம்லோடிபின் குளிசையாலயும் கால் வீங்கும், தாங்களா நிப்பாட்டாமல் கிளினிக்கில சொல்லுங்கோ. கர்ப்பிணிப் பிள்ளையளுக்கு முகமும் கையும் திடீரெண்டு ஊதித் தலையிடிச்சால் உடன போங்கோ. புண் ஆறியும் நெறி வத்தாமல் ரெண்டு மூண்டு கிழமைக்கு மேல நிண்டால், நோகாமல் கெட்டியா வளந்தால், காறை எலும்புக்கு மேல கட்டினால், ராவில வேர்த்து உடம்பு மெலிஞ்சால் காசநோய், புற்றுநோய் ரெண்டையும் பாக்கத்தான் வேணும். வீங்கின கை கால் சிவந்து காய்ச்சல் அடிச்சால் பத்துப் போடாமல், ஒத்தடம் குடுக்காமல், அன்டிபயோட்டிக்குக்கு ஓடுங்கோ.

யாழ்ப்பாணத்தில தெல்லிப்பழையில புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கு. 2011ல தெற்கு முனையில இருக்கிற தெய்வேந்திர முனையில இருந்து வடக்கு முனையில இருக்கிற பருத்தித்துறை வரைக்கும் சனம் நடந்து அதுக்குக் காசு சேர்த்தது. வைத்தியம் கிட்ட வந்திட்டுது, வைத்தியத்துக்குப் பிறகு வீட்டில நடக்க வேண்டிய கவனிப்பும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரோணும். நெறி எடுத்த அம்மாவோ அக்காவோ உங்கட வீட்டில இருந்தால் அடுத்த கிளினிக்கில கட்டாயம் கேளுங்கோ, பிசியோவிட்ட அனுப்புவியளோ, கை உறை எந்த அளவு எண்டு.

கை உறையைப் பற்றிக் கடைசியா. கனடாவில இருக்கிற மகன், லண்டனில இருக்கிற தங்கச்சி எண்டு பாசத்தோட பார்சலில அனுப்புகினம், அளவு எடுக்காமல் அனுப்பினது மணிக்கட்டில இறுக்கிக் கை விரலுக்கு வீக்கத்தை இறக்கும், இல்லாட்டித் தொளதொளத்து ஒரு பிரயோசனமும் இல்லாமல் கிடக்கும். அளவைப் பழகின ஆள் எடுத்தால் நல்லம், விடியக் காலமை வீக்கம் குறைவா இருக்கேக்க, மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேல்கை எண்டு சுத்தளவும் கையின்ர நீளமும் எழுதி, எவ்வளவு இறுக்கம் எண்டதை டொக்டரிட்டயோ பிசியோவிட்டயோ கேட்டு அதையும் சேர்த்து அனுப்புங்கோ. ரெண்டு எடுப்பியுங்கோ, எங்கட வெக்கைக்கு வேர்த்து ஊறும், ஒண்டைத் தோய்ச்சு நிழலில காயப் போட்டிட்டு மற்றதைப் போடலாம். படுக்கேக்க கழட்டி வைக்கிறது. ஒரு ஆறு மாசத்தில இழுவை போயிடும், அப்ப திரும்ப அளந்து புதுசு வாங்கோணும்.